பல்லாவரத்துக் கல்லுக்கு யார் கேக் வெட்டுவது?

ஆகஸ்ட் 22 வந்துட்டா போதும். மயிலாப்பூர் மாட வீதியில ஒரு ஹெரிடேஜ் வாக், அடையாறுல ஒரு போட்டோ கண்காட்சி, தி.நகர்ல ஒரு வினாடி வினா. எஃப்எம்காரங்க காலையிலேர்ந்து "ஹேப்பி பர்த்டே சென்னை"ன்னு கத்த ஆரம்பிச்சிடுவாங்க. ஊருக்கு முந்நூத்தி எண்பத்தி சொச்சம் வயசாம். கேக் கூட வெட்டறாங்க சாமி!

எனக்கு கேக் மேல கோபம் இல்லை. வாக் போறவங்க மேலயும் இல்லை. 2004-ல எஸ்.முத்தையாவும் நண்பர்களும் மெட்ராஸ் டே ஆரம்பிச்சப்போ, இந்த ஊர்க்காரங்க தங்களோட தெருவைக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்கட்டும்னுதான் ஆரம்பிச்சாங்க. நல்ல காரியம். என் சண்டை அந்த "பிறந்தநாள்"ங்கிற வார்த்தையோட.

1639-ல நடந்தது என்ன? கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் பிரான்சிஸ் டே, நாயக்கர்கிட்ட ஒரு மணல் திட்டுக்கு அனுமதி வாங்கினார். அவ்வளவுதான். அது ஒரு பத்திரம். நம்ம வீட்டுப் பத்திரம் பதிவான தேதியை நம்ம பாட்டியோட பிறந்தநாள்னு யாராவது கொண்டாடுவோமா?

உடனே மயிலாப்பூர் நண்பர்கள் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவாங்க. "அதானே! எங்க மயிலாப்பூருக்கு ரெண்டாயிரம் வருஷம். டாலமியே எழுதி வெச்சிருக்கார்"னு. அவங்களுக்கும் ஒரு கும்பிடு. முந்நூத்தி எண்பதை ரெண்டாயிரம்னு திருத்தினா மட்டும் கணக்கு நேராயிடாது. ரெண்டு பேருமே பத்திரத்தைத்தான் தேடறீங்க. யாரோ எழுதி வெச்சாத்தான் ஊர் இருந்ததா அர்த்தம்னு நினைக்கிறீங்க. எழுத்தே இல்லாத காலத்துல இங்க இருந்தவங்களை என்ன பண்றது?

விஷயத்துக்கு வர்றேன்.

1863, மே 30. கொளுத்தற வெயில். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்கிற முப்பது வயசு கூட ஆகாத ஆள், பல்லாவரத்துல சரளைக்காகத் தோண்டிப் போட்ட ஒரு குழிப் பக்கம் போறார். வெளியே கொட்டிக் கிடந்த செம்மண் சரளையில ஒரு கல்லை எடுத்துப் பார்க்கிறார். ரெண்டு பக்கமும் சீவின கல். மனுஷக் கை பட்ட கல்! இந்தியாவுல பழைய கற்காலத்தைச் சேர்ந்த ஒரு கருவியை அது என்னன்னு தெரிஞ்சு ஒருத்தர் கையில எடுத்தது அதுதான் முதல் தடவை. இந்தத் துணைக்கண்டத்தோட தொல்பழங்கால ஆராய்ச்சி ஆரம்பிச்ச இடம் ஹரப்பா இல்லைங்க, நம்ம பல்லாவரம். அதே வருஷம் செப்டம்பர்ல அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துல இன்னும் பெரிய புதையலையே பார்த்தாங்க.

அந்தக் காலகட்டத்தை நினைச்சுப் பாருங்க. டார்வின் புத்தகம் வந்து நாலு வருஷம். பிரான்ஸ்ல ஆத்துச் சரளையில கிடைச்ச கற்கள் நிஜமாவே மனுஷன் செஞ்சதுதான்னு இங்கிலாந்து நிபுணர்கள் ஒத்துக்கிட்டதும் அதே 1859-லதான். அதைப் படிச்சுட்டு வந்த ஃபுட், "அங்க இருந்தா இங்க ஏன் இருக்கக் கூடாது?"ன்னு தேடினார். தேடினதால கிடைச்சது. பின்னாடி உலகம் முழுக்க தொல்லியல் பாடப்புத்தகங்கள்ல "மெட்ராஸ்" கைக்கோடாரி மரபுன்னே ஒரு பேர் ஏறிப்போச்சு. 1996-ல ஊர் பேரை மாத்தினோம், ஆனா அந்தக் கல்லோட பேர்ல மெட்ராஸ் இன்னும் இருக்கு.

தமிழ் ஆர்வலர்களுக்கு ஒரு உபரித் தகவல்: இந்த ஃபுட்டோட மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்துல ஆறுமுக நாவலரைத் துணைக்கு வெச்சுக்கிட்டு பைபிளைத் தமிழாக்கினாரே, அதே பெர்சிவல். மாமனார் தமிழ்ச் சொல்லைத் தோண்டினார், மாப்பிள்ளை தமிழ் மண்ணைத் தோண்டினார் :-)

இப்போ மே 30-க்கு எத்தனை கேக் வெட்டறோம்?

இங்க ஒரு அண்ணன் குறுக்கே வருவார். "பல்லாவரம் மெட்ராஸே கிடையாதுப்பா. 2021-லேர்ந்து அது தாம்பரம் மாநகராட்சி." சரிங்கண்ணே. 1639-ல கம்பெனி வாங்கினது கோட்டை இருக்கிற அந்த ஒட்டுத்துணி அளவு மணல். மயிலாப்பூர் அதுல இல்லை. சாந்தோமும் மயிலாப்பூரும் வெள்ளைக்காரன் கைக்கு வந்தது 1749-ல. தி.நகர்? அது 1920-கள்ல நெடிய ஏரியோட தண்ணியை வடிச்சுட்டு மனை போட்ட ஊர். நூறு வருஷம்தான். மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடுன்னு ஒண்ணு இருக்கு, போய்ப் பாருங்க. ரோடு இருக்கு, வியூ இருக்கு, லேக்கைத்தான் காணோம். இப்படி 110 வருஷம் கழிச்சு வந்த மயிலாப்பூரும், 280 வருஷம் கழிச்சு வந்த தி.நகரும் அந்த 1639 கேக்ல துண்டு கேட்கலாம்னா, பல்லாவரம் ஏன் கேட்கக் கூடாது?

இதுவரைக்கும் ஒரு கோஷ்டியோட சண்டை. இப்போ அடுத்த கோஷ்டி.

இவங்க வேற ரகம். கல் கருவின்னு சொன்னாலே கண்ணு கலங்கிடும் இவங்களுக்கு. "பதினஞ்சு லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே அத்திரம்பாக்கத்துல தமிழன் வாழ்ந்தான்"னு ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்ல சுத்திக்கிட்டே இருக்கு. புறப்பொருள் வெண்பாமாலையில வர்ற அந்த கல்லும் மண்ணும் வரியைக் கூடவே ஒட்டி வைப்பாங்க. அந்தப் பாட்டு எழுதினவர் ஒரு குடியோட வீரத்தைப் பத்திச் சொல்றார். அதைப் புவியியல் ரிப்போர்ட்டா மாத்தினது நாமதான்.

உண்மை என்ன? அத்திரம்பாக்கத்துல சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல வருஷம் உட்கார்ந்து தோண்டினாங்க. 2011-ல 'சயின்ஸ்' இதழ்ல முடிவு வந்தது. மேலே கிடக்கிற கல்லுல விண்வெளிக் கதிர் பட்டு உண்டாகிற அலுமினியம், பெரிலியம் ஐசோடோப்புகள், கல் மண்ணுக்குள்ள புதைஞ்சதும் கொஞ்சம் கொஞ்சமா குறையும். அது எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு அளந்தா எப்போ புதைஞ்சதுன்னு தெரியும். மண்ணுல பதிஞ்ச பழைய காந்தத் திசையையும் சேர்த்துப் பார்த்தாங்க. சராசரியா 15 லட்சம் வருஷம், குறைஞ்சபட்சம் 10 லட்சத்துக்கு மேல. இது வரைக்கும் ஃபார்வர்டு சரி.

ஆனா 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தமிழன் மட்டும் இல்லை, நம்மளை மாதிரி மனுஷனே கிடையாதுங்க. நம்ம இனமான ஹோமோ சேப்பியன்ஸோட மிகப் பழைய எலும்புகள்னு சொல்லப்படறது மொராக்கோவுல கிடைச்சவை. அதுக்கே 3 லட்சம் வருஷம்தான். அத்திரம்பாக்கத்துக் கைக்கோடாரியைச் செஞ்சது நமக்கு முந்தின வேற ஒரு மனித இனம். அவங்க எலும்பு அங்க ஒண்ணுகூடக் கிடைக்கலை. இந்தியாவுலயே அந்த மாதிரிப் பழைய மண்டையோடுன்னு பேர் சொல்லக் கிடைச்சது 1982-ல நர்மதைக் கரை ஹத்னோராவுல மட்டும்தான். அப்புறம் எங்கேர்ந்து அந்தக் கல்லுக்கு சாதிச் சான்றிதழ் வாங்கறீங்க?

மொழி கல்லுல ஒட்டிக்காது மக்களே. கீழடியில பானை ஓட்டுல எழுத்து இருந்தது, அதனால பேச முடிஞ்சது. இந்தக் கல்லுல சீவின தழும்பு மட்டும்தான் இருக்கு. தமிழோட பழமைக்கு இருக்கிற சான்றுகளே போதும், 15 லட்சம் வருஷத்தைத் திருடித்தான் பெருமைப்படணும்னு இல்லை. இப்படி அளந்து விடறதால என்ன ஆகுது தெரியுமா? வெளியூர்க்காரன் ஃபார்வர்டைப் பார்த்துச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்புல நிஜமான ஆராய்ச்சியும் சேர்ந்து அடிபட்டுப் போகுது.

நிஜமான ஆராய்ச்சி எவ்வளவு சுவாரசியம்னு பாருங்க. 2018-ல 'நேச்சர்' இதழ்ல அதே அத்திரம்பாக்கத்தைப் பத்தி இன்னொரு கட்டுரை. பெரிய கைக்கோடாரியை விட்டுட்டு, சின்னச் செதில்களைத் திட்டம் போட்டுப் பெயர்க்கிற தொழில்நுட்பம் இங்க சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லுது. அதுக்கு முன்னாடி வரை, இந்த வித்தை ஆப்பிரிக்காவுலேர்ந்து நம்ம இன மனுஷங்க சுமார் ஒண்ணே கால் லட்சம் வருஷத்துக்கு முன்னாடி கிளம்பி வந்தப்போ கொண்டு வந்ததுன்னு பலர் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அந்தக் கதையையே மறுபடி எழுத வேண்டியதாப் போச்சு, பூண்டி பக்கம் ஒரு ஓடைக்கரையால.

திட்டம் போடறதுன்னா என்னன்னு புரியணும்னா நுங்கு வெட்டறவரைப் பாருங்க. கடைசிச் சீவலுக்கு முன்னாடி போடற நாலு வெட்டு எல்லாம் அந்தக் கடைசிச் சீவல் சரியா வரணும்கிறதுக்காக. இவங்களும் அப்படித்தான். முதல்ல குவார்ட்சைட் கட்டியைச் சுத்திச் சுத்தித் தட்டி மேடு பள்ளத்தைத் தயார் பண்ணி வெச்சுட்டு, அப்புறம் ஒரே அடி. நினைச்ச வடிவத்துல ஒரு செதில் விழும். இல்லாத ஒரு பொருளை மனசுல பார்த்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கையை ஓட்டறது. இதைச் செஞ்சவன் நம்ம இனமோ இல்லையோ, மூளைக்காரன்!

சரி, இதெல்லாம் உள்ளே, திருவள்ளூர் பக்கம். நம்ம கடற்கரைக்கு என்ன கதை?

"பெசன்ட் நகர்ல, சாந்தோம்ல எல்லாம் ஒண்ணும் கிடையாது, வெறும் மணல்"னு ஒரு நண்பர் அடிச்சுச் சொல்றார். அவருக்கு ரெண்டு பதில்.

முதல் பதில்: அந்தக் காலத்துக் கடற்கரை இப்போ இருக்கிற இடத்துல இல்லை. 20,000 வருஷத்துக்கு முன்னாடி பனியுகம் உச்சத்துல இருந்தப்போ கடல் மட்டம் இப்போ இருக்கிறதை விட சுமார் 120 மீட்டர் கீழே. அப்போ எலியட்ஸ் பீச்லேர்ந்து கிழக்கே பல கிலோமீட்டர் நடந்தாத்தான் காலை நனைச்சிருக்க முடியும். அன்னைக்குக் கரையில உட்கார்ந்து மீனும் சிப்பியும் தின்னவங்களோட அடுப்பும் கல்லும் இப்போ கடலுக்கு அடியில.

ரெண்டாவது பதில்: தேடின இடத்துல கிடைச்சிருக்கு. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் செந்தேரி மணல்மேடுகள் இருக்கே, சாயர்புரம், மெய்ஞானபுரம் அந்தப் பக்கம். அங்க நகத்தளவு சின்னக் கல் கருவிகள் ஏராளம். நம்ம ஃபுட்தான் அங்கயும் முதல்ல பொறுக்கினவர். 1956-ல சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழ்ல அந்தத் தேரி இடங்களைப் பத்தி விரிவா எழுதினாங்க. அம்பு முனைக்கும் தூண்டில் வேலைக்கும் ஏத்த சின்னச் சின்னக் கற்கள், பழைய கடலோர மணல்மேட்டுல. பாக் நீரிணை தாண்டி இலங்கைக்குப் போனா அங்கயும் கடலோரத்துல சிப்பி மேடுகள். அம்பாந்தோட்டைப் பக்கம் மினி அத்திலிய என்கிற இடத்துல மலைபோல மட்டியோடு, நடுவுல மனுஷ எலும்பு. அந்தமான்ல ஸ்டாலிச்கா 1870-லயே சிப்பிக் குப்பைமேடுகளைப் பத்தி எழுதிட்டார். அதுல சிலதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல வயசு.

குப்பைமேடுன்னு சொன்னா முகத்தைச் சுளிக்காதீங்க. டென்மார்க்ல கடலோரச் சிப்பிக் குவியல்களை ரொம்ப நாள் கடல் ஒதுக்கிட்டுப் போனதுன்னே நினைச்சாங்க. 1848-ல ஒரு புவியியலாளர், ஒரு விலங்கியலாளர், ஒரு தொல்லியலாளர் மூணு பேரையும் ஒரு குழுவாப் போட்டாங்க. அவங்க பார்த்தது என்ன? கடல் ஒதுக்கினா குஞ்சு குளுவான் எல்லாம் கலந்து வரணும். இங்கயோ தின்னத் தகுந்த பெரிய சிப்பி மட்டும்தான். ஒரே இடத்துல சேர்ந்து வாழாத வகைகள் ஒண்ணாக் கிடக்கு. நடுவுல கரி, அடுப்புக் கல், உடைச்ச எலும்பு, கல் கத்தி. முடிவு: இது கடலோட குப்பை இல்லை, சமையல்கட்டுக் குப்பை! அதே கண்ணோட நம்ம முட்டுக்காடு, பழவேற்காடு, அடையாறு முகத்துவாரம் பக்கம் எத்தனை பேர் நடந்திருப்போம்?

இன்னொண்ணும் யோசிங்க. இந்த ஊர்ல கிளிஞ்சல் குவியலைப் பார்த்தா முதல்ல ஞாபகம் வர்றது சுண்ணாம்புக் காளவாய்தான். மெட்ராஸ் சுண்ணாம்புன்னு உலகப் புகழ் பெற்ற பளபளப்பான பூச்சு, சலவைக்கல்னு வெள்ளைக்காரனே ஏமாந்தானே, அது கிளிஞ்சலைச் சுட்டு அரைச்சதுதான். பழைய பங்களாச் சுவர், கோயில் மண்டபம் எல்லாத்துலயும் இருக்கு. நூத்துக்கணக்கான வருஷம் இந்தக் கரையில கிளிஞ்சலை அள்ளி அள்ளிச் சுட்டிருக்கோம். ஒரு மேடு இயற்கையா சேர்ந்ததா, எவனோ ஒருத்தனோட ராத்திரிச் சாப்பாடான்னு காளவாய்க்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. கேள்வி கேட்க அங்க ஒரு ஃபுட் இல்லை. அப்படி இருக்கிறப்போ "ஒண்ணும் கிடையாது"ன்னு சொல்றதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு?

இன்னைக்கு நடக்கிறதும் அதே கதைதான். பல்லாவரத்துக் கல் கிடைச்சது யாரோ ஆராய்ச்சிக்காகத் தோண்டினதுல இல்லை, சரளைக்குத் தோண்டின குழியில. குழியைத் தோண்டினது தப்பில்லை. ஒருத்தர் நின்னு குனிஞ்சு பார்த்தார்ங்கிறதுதான் வித்தியாசம். இப்போ திருவள்ளூர் பக்கம் இருந்து கிராவல் லோடு லோடா வருது. கற்கருவி இருக்கிறதே அந்தச் செம்மண் சரளையிலதான். நாம அதைக் கொட்டி மனையை மேடாக்கி, மேல டைல்ஸ் ஒட்டி, பால் காய்ச்சிடறோம். தி.நகர்ல மூணு அடுக்கு பேஸ்மென்ட், மயிலாப்பூர் அடியில மெட்ரோ சுரங்கம். பத்து மாடி ஆழத்துக்கு இந்த ஊரோட அடிவயித்தைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு இனிமே எப்போ வரும்?

லண்டன்ல கிராஸ்ரயில் தோண்டினப்போ நூத்துக்கும் மேல தொல்லியலாளர்கள் கூடவே வேலை பார்த்தாங்க. பத்தாயிரத்துக்கு மேல பொருள் எடுத்தாங்க. ரயிலும் ஓடுது. அங்க அது திட்ட அனுமதியோட ஒரு பகுதி. நம்ம சட்டத்துல பாதுகாக்கப்பட்ட சின்னத்துக்குப் பக்கத்துல இல்லாத மனைன்னா, தோண்டற மண்ணைப் பார்க்க ஒரு ஆள் வெச்சாகணும்னு கட்டாயமே இல்லை.

பக்கத்துல இருந்தாலோ, தலைகீழ்க் கூத்து. அதுக்கும் பல்லாவரமே உதாரணம். அங்க மலையடிவாரத்துல இரும்புக்கால ஈமக்காடு இருக்கு (ஃபுட்டோட கல் காலத்துக்கு ரொம்ப ரொம்பப் பிந்தினது, குழப்பிக்காதீங்க). 19-ம் நூற்றாண்டு கடைசியில அலெக்சாண்டர் ரீ அங்க சுடுமண் ஈமப்பேழைகளை எடுத்தார். அது மத்திய அரசோட பாதுகாக்கப்பட்ட இடம். 2010 சட்டத் திருத்தப்படி 100 மீட்டருக்குள்ள புதுசாக் கட்டவே கூடாது, அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். தாஜ்மகாலுக்கும் அதே அளவுகோல், ஜமீன் பல்லாவரத்து ஒண்டுக் குடித்தனத் தெருவுக்கும் அதே அளவுகோல். பி.எஃப். பணத்துல மாடி எடுக்க நினைச்ச மனுஷனுக்கு அந்த ஈமக்காடு மேல அன்பு வருமா, வெறுப்பு வருமா? தன் வீட்டுக்கு அடியில ஒரு பேழை தட்டுப்பட்டா அவர் யாருக்காவது போன் பண்ணுவாரா, ராத்திரியோட ராத்திரியா மூடிடுவாரா? நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு நேர்மையா யோசிச்சுச் சொல்லுங்க.

ஒரு பக்கம் எந்தக் கேள்வியும் இல்லாம ஏக்கர் கணக்குல அள்ளலாம். இன்னொரு பக்கம் ஏழைக் குடும்பம் மாடி ரூம் கட்ட முடியாது. இதுக்குப் பேர் பாதுகாப்பு இல்லைங்க. மூணு விஷயம் கேட்கிறேன், மூணும் நடக்க முடியாதது இல்லை.

ஒண்ணு: பெரிய அஸ்திவாரம், சுரங்கம், கிராவல் குவாரி எதுவா இருந்தாலும் தோண்டற மண்ணைப் பார்க்க ஒரு தொல்லியல் ஆள் கட்டாயம்னு அனுமதியிலயே சேருங்க. செலவைத் தோண்டறவர் ஏத்துக்கட்டும்.

ரெண்டு: அந்த 100 மீட்டர் கோட்டை ஒவ்வொரு இடத்துக்கும் தகுந்த மாதிரி வரைங்க. மண்ணுக்குள்ள இருக்கிற சின்னத்துக்கு, முதல்ல தோண்டிப் பார்த்துப் பதிவு பண்ணிட்டு அப்புறம் கட்ட விடுங்க. கண்டெடுத்துச் சொல்ற வீட்டுக்காரருக்கு மரியாதை பண்ணுங்க.

மூணு: பசங்களுக்குக் கல்லைக் காட்டுங்க. ஃபுட் தன் வாழ்நாள் சேகரிப்பை 1904-ல நம்ம எழும்பூர் மியூசியத்துக்குத்தான் கொடுத்தார். டைனோசர் பொம்மையைப் பார்க்க ஓடற குழந்தையைக் கையைப் பிடிச்சு அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னாடி அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. பூண்டியில மாநிலத் தொல்லியல் துறையோட அகழ்வைப்பகமும் இருக்கு. ஏரி பார்க்கப் போற கூட்டத்துல பத்துல ஒருத்தர் உள்ளே எட்டிப் பார்த்தாக்கூடப் போதும்.

மே 30 ஸ்கூல் லீவாச்சேன்னு கேட்காதீங்க. ஜூன் மாசம் ஸ்கூல் திறந்த முதல் வாரத்துல வெச்சுக்கலாம். கேக் வேண்டாம். வாசல்ல கொட்டின ஜல்லி, கிராவல்லேர்ந்து ஆளுக்கு ஒரு கல் பொறுக்கிட்டு வரச் சொல்லி, எது தானா உடைஞ்சது, எது கை பட்டு உடைஞ்சதுன்னு டீச்சரோட உட்கார்ந்து பார்க்கட்டும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சீவின தழும்பு இருக்கா, ஓரம் ஒரே கோடா ஓடுதா, கையில பிடிச்சா கச்சிதமா உட்காருதான்னு. நூத்துல தொண்ணூத்தி ஒம்பது வெறும் கல்லாத்தான் இருக்கும். இருக்கட்டுமே.

டிஸ்கி 1: மெட்ராஸ் டே வாக் போறவங்க தாராளமாப் போங்க, நானும் வருவேன். "பிறந்தநாள்"னு மட்டும் சொல்லாதீங்க, அவ்ளோதான்.

டிஸ்கி 2: யாராவது நிஜமாவே சீவின கல்லைப் பார்த்தீங்கன்னா உடனே வீட்டு ஷோகேஸுக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. கிடந்த இடத்துலயே போட்டோ எடுத்து, இடத்தைக் குறிச்சு, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க. எந்த மண் அடுக்குல கிடந்ததுன்னு தெரியாத கல்லுக்குப் பாதி மதிப்புதான்.